பூங்காவில் யாரோ தட்டுகிறார்கள்

அது 1979 மார்ச் மாதம். வடநாட்டில் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்த அம்சவேணிக்கு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம்தான் பெரிய சுகம். மூன்று வாரமாக எதிர்ப் பூங்காவில் யாரோ குழாயைத் தட்டுவதுபோல் 'டொக், டொக்' என்று ஓயாமல் தட்டி அதைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தோட்டக்காரர் ராம்பலிடம் போனாள்.

"அண்ணா, அந்தக் குழாயை வேற நாள்ல தட்டக் கூடாதா?" என்று இந்தியில் கேட்டாள்.

ராம்பல் வெறுங்கையை விரித்துக் காட்டினார். தட்டல் நிற்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அரசமரத்து உச்சியைக் காட்டினார். "பசந்தா பறவை, அக்கா!"

மொட்டைக் கிளையில் குருவியளவில் ஒரு பச்சைப் பறவை உட்கார்ந்திருந்தது. நெற்றியில் குங்குமம் அப்பியதுபோல் சிவப்பு. அலகைத் திறக்காமலே, தொண்டையை உப்பி உப்பி 'டொக், டொக்' என்றது.

அம்சவேணிக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை முற்றிவிடுமோ என்று பயந்து ஓடிவந்த கணவர் ஜோதிலிங்கம், "யாரும்மா தட்டுறது?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"உஷ்! மெதுவா பேசுங்க, பறந்துடப்போகுது."

அப்போது வேப்பமரத்திலிருந்து இன்னொரு 'டொக்' பதில் சொன்னது. "அதோ, ஜோடியும் இருக்கு!" என்று அவளே கத்திவிட்டாள்.