விளாங்குடியின் பெருந்தூண்

விளாங்குடி வாழ் பெருமக்களே, வேலையைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். நூற்றாண்டுக்கு ஒருமுறை நிகழும் அற்புதம் நம் மூன்றாவது தெருவில் நிகழ்ந்துவிட்டது. ஒரு மகன், பெற்ற தகப்பனைப் பார்த்துக்கொள்கிறான்!

இந்தச் செய்தியைப் பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸில் அடித்துக் கட்டியிருந்தது குடியிருப்போர் நலச் சங்கம். 'பெற்றோரைத் தாங்கும் பெருந்தூண் ஆ. ஜெய்சன் அவர்களுக்குப் பாராட்டு விழா, ஞாயிறு காலை பத்து மணி.' தூண் கூலிங் கிளாஸ் போட்டிருந்தது. பக்கவாதத்தில் மூன்று வருடமாகப் படுத்திருக்கும் தந்தை, ஓய்வுபெற்ற வாத்தியார் ஆரோக்கியநாதன், ஒரு மூலையில் ஸ்டாம்ப் அளவில் இருந்தார். அவருக்கு ஊட்டி, துடைத்து, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கும் மருமகள் ஹெப்சிபா ஃப்ளெக்ஸில் இல்லை. இடம் போதவில்லை, சங்க நிர்வாகிகளே பதினேழு பேர்.

சனிக்கிழமை காலை சங்கச் செயலாளர் தமிழ்மாறன் நோட்டும் பேனாவுமாக வந்தபோது வீட்டுக்குள் அனல் பறந்துகொண்டிருந்தது.

"ரெண்டே நாளு. கல்லுப்பட்டில எங்கம்மா வீட்டுல போயித் தூங்கிட்டு வாரேன். நின்னுக்கிட்டே தூங்குறேங்க. மாமாவுக்குக் குடுக்க வேண்டிய மாத்திரைய நேத்து நான் முழுங்கிட்டேன்," என்றாள் ஹெப்சிபா.

"அப்பாவப் பாக்க ஆளு?" என்றார் ஜெய்சன்.

"ஹோம் நர்ஸ் வைங்க."

"பெத்த அப்பாவக் கூலி ஆளு தொடுறதா? தெருவுல காறித் துப்புவாய்ங்க!"

வில்லாபுரத்திலிருந்து ஆப்பிளோடு வந்திருந்த நாத்தனார் ஆனிமேரி தலையாட்டினாள். "மாமனாருக்குச் செய்யிறது ஆண்டவருக்குச் செய்யிற மாதிரி, ஹெப்சிபா. சலிச்சுக்கக் கூடாது."

"அப்ப இந்த ரெண்டு நாளும் நீங்க செய்ங்க, மதினி."

"எனக்கு மூட்டு வலி இருக்குல்ல..."

தமிழ்மாறன் தொண்டையைச் செருமினார். "மேடையில வாசிக்கணும்ணே. அப்பாவுக்குக் காலைல என்ன ஊட்டுவீங்க?"

"நாலு இட்லி," என்றார் ஜெய்சன், கம்பீரமாக.

"இட்லி முழுங்க முடியாமப் போயி ரெண்டு வருசமாச்சு," என்றாள் ஹெப்சிபா. "கஞ்சிதான்."

தமிழ்மாறன் இட்லியை அடித்துவிட்டுக் கஞ்சி என்று எழுதிக்கொண்டார். "முதுகுல புண்ணு இருக்காமே, எந்தப் பக்கம்ணே?"

ஜெய்சன் மனைவியைப் பார்த்தார். தூண் லேசாக ஆடியது.

ஹெப்சிபா உள்ளே போய் மாமனாரின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "மாமா, திங்கக்கிழம வந்துருவேன். போகட்டா?"

பேச்சு வராத வாத்தியார், செயலுள்ள இடது கையைத் தூக்கி, கடைசி மணி அடித்ததும் பிள்ளைகளை அனுப்புவதுபோல் வாசலைக் காட்டினார். அவள் பையோடு வெளியே வந்தாள்.

"நாளைக்கு விழாடி!"

"உங்களுக்குத்தான? போயிட்டு வாங்க. புண்ணு எடது பக்கம். மருந்து ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

ஞாயிறு பத்து மணிக்கு விழா தொடங்கியது. தூண் மட்டும் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு, ஹோம் நர்ஸ் கேட்டு ஊரெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தது. ஆனிமேரியின் போன் சுவிட்ச் ஆஃப். மேடையில் சால்வையை நாற்காலிக்குப் போர்த்தினார்கள். பதினொன்றரைக்கு நர்ஸ் பாண்டிச்செல்வி வந்து சேர்ந்தார். தெருவில் யாரும் துப்பவில்லை. தந்தைக்குத் தனி நர்ஸ் அமர்த்திய தனயனின் பெருந்தன்மையைப் போற்றி, சங்கம் அங்கேயே கைதட்டலோடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

ஹெப்சிபா தூங்கிக்கொண்டிருந்தாள்.