தூசி கிளப்பாத குண்டு

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடுவது என் உரிமை. அந்தப் பக்கம் நடப்பது கண்ணில் பட்டால் அது என் குற்றமில்லை. ஒரே செடிக்கு முக்கால் மணி நேரம் விட்டதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டு வெர்லின் தன் மனைவி ட்வைலாவின் ரிவால்வரைச் சரி செய்துகொண்டிருந்தார். அவள் சனிக்கிழமை கிளப் போட்டியில் சுட வேண்டியது அது. அவள் அப்பா விட்டுப்போனது. வெர்லினைவிட அதன்மேல்தான் அவளுக்குப் பிரியம் என்று எங்கள் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்குத் தெரியும். ரிவால்வரின் சட்டத்தில் குழலைத் திருகிப் பொருத்திய இடத்தில், குழலுக்குள்ளே ஒரு இறுக்கம். சுடும்போதெல்லாம் குண்டின் ஈயம் அங்கே ஒட்டி ஒட்டி, குறி பிசகியது. பட்டறையில் கொடுக்கலாம் என்றாள் அவள். "நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் இவர். இவர் பழுது பார்த்த துணி துவைக்கும் இயந்திரத்தில் இப்போது கோழி முட்டையிடுகிறது.

வைத்தியம் சின்னதுதான். மெத்தென்ற ஈயக் குண்டில் நறநறவென்ற தேய்ப்புப் பசையைத் தடவி, வெடிமருந்தைக் குறைத்துப் போட்டு, மெதுவாகச் சுட வேண்டும். போகிற குண்டே இறுக்கத்தைத் தேய்த்துவிடும். ஆறு சுடுவார், குழலைத் துடைப்பார், மறுபடி ஆறு. ஒவ்வொன்றுக்கும் 'பொத்' என்று ஒரு சத்தம், எதிரே மண்மேட்டில் ஒரு கைப்பிடித் தூசி.

பதினான்காவதுக்குப் 'பொத்' வந்தது. தூசி வரவில்லை.

வெர்லின் காதில் அடைப்பு. கத்திப் பயனில்லை. அவர் அடுத்ததற்குத் தயாராவதைப் பார்த்ததும், கையிலிருந்த ரப்பர் குழாயைத் திருப்பி மண்மேட்டுக்கு முன்னால் தண்ணீரைப் பாய்ச்சினேன். ரிவால்வரைத் தாழ்த்திவிட்டுக் காதடைப்பைக் கழற்றினார்.

"உனக்கென்ன கிறுக்கா?"

"தூசி வரலப்பா."

"எந்தத் தூசி?"

"கடைசியா சுட்டியே, அதுக்கு. பதிமூணு வந்துச்சு. பதினாலு வரல."

"எண்ணிக்கிட்டா இருந்தே?"

"சும்மாதானே நிக்கிறேன்."

மிச்சக் குண்டுகளைக் கொட்டிவிட்டு, குழலுக்குள் பித்தளைக் கம்பியை விட்டார். அது முழுதாகப் போகாமல் நின்றது. குண்டு அந்த இறுக்கத்திலேயே சிக்கிக்கொண்டிருந்தது. மருந்து அவ்வளவு சிக்கனம். அடுத்ததையும் சுட்டிருந்தால் எலியை விழுங்கிய பாம்பு மாதிரி குழல் வீங்கியிருக்கும். அவர் விரலுக்கும் உத்தரவாதமில்லை.

அந்த நேரம் பார்த்து ட்வைலாவின் டிரக் வந்து நின்றது.

"ஏன் ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க?"

வெர்லின் உண்மையைச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேனே, வேறு என்ன செய்வார்.

அவள் ரிவால்வரை வாங்கிக்கொண்டாள். குழலில் எண்ணெய் விட்டாள், கம்பியை வைத்துத் தட்டினாள். நாலாவது தட்டில் குண்டு விழுந்தது. பிறகு குழல் எங்காவது வீங்கியிருக்கிறதா என்று பார்க்க, புதிய ஈயத் துண்டு ஒன்றை உள்ளே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். வழக்கமாக முட்டும் இடத்தில் லேசாகத் தயங்கிவிட்டு, அதன்பின் எங்கேயும் தளராமல் அது ஒரே சீராக வெளியே வந்தது.

"வீங்கல," என்றாள். "இறுக்கமும் முக்காவாசி போயிடுச்சு."

வெர்லின் கவிழ்த்து வைத்த வாளிமேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பாத்தியா, வேல செஞ்சிருக்கு," என்றார் மெல்ல.

"வாய மூடு. மிச்சத்த நான் சுடறேன், மருந்தும் நான் அளக்கறேன். நீ தூசிய எண்ணு."

முதல் குண்டு போனது, தூசி கிளம்பியது. "ஒண்ணு," என்றார் வெர்லின், தெருவுக்கே கேட்கும்படி. மனுஷன் ஒரு வேலையை இவ்வளவு சந்தோஷமாகச் செய்து நான் பார்த்ததில்லை.