மாமா தூக்கிய தேன்பெட்டி

சில வருடங்களாகவே மழை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. விதைக்கும்போது காணாமல் போகும், அறுக்கும்போது வந்து கொட்டும். பயிரை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது என்று வாயாடி வரப்போரம் தேன்பெட்டிகள் வைத்தாள். வாயாடி என்பது ஊர் வைத்த பெயர். அவளும் அதற்குக் குறை வைத்ததில்லை.

பக்கத்துத் தோட்டம் அக்கா புருஷனுடையது.

"உன் தேனீங்க என் பூசணிப் பூவுலதான் திருடுது. பெட்டிய எடுத்துடு," என்றார் மாமா.

"சரிங்க மாமா," என்றாள். மறுபேச்சே பேசவில்லை. அப்போதே மாமா உஷாராகியிருக்க வேண்டும்.

பொழுது சாய்ந்து தேனீக்கள் பெட்டிக்குள் அடைந்ததும், பெட்டிகளைத் தூரத்து எள்ளுக்காட்டுக்கு ஏற்றிவிட்டாள். அவள் தோட்டத்தில் அப்போது வெறும் கீரை. ஈ வந்தாலென்ன, வராவிட்டாலென்ன?

மாமாவின் பூசணி மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பிஞ்சுதான் நிற்கவில்லை, வெம்பி வெம்பி விழுந்தது. காட்டு ஈக்களும் வெயில் தாங்காமல் எங்கோ போயிருந்தன. மாமா பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பூப்பூவாய்க் குனிந்து மகரந்தம் தடவினார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"பூவுக்கு எத்தனை கோட்டிங் மாமா?" என்று வரப்பிலிருந்து விசாரித்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில், எள்ளுக்காட்டு மரத்தடியில் படுத்திருந்தவள் ஒரு கொசுவலை நடந்து வருவதைப் பார்த்தாள். வலைக்குக் கீழே மாமாவின் செருப்பு. மூச்சு விடாமல் கிடந்தாள். மாமா ஒரு பெட்டியை மூடியைப் பிடித்துத் தூக்கினார். மூடி மட்டும் கையோடு வந்தது.

பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு மூழ்கிய பிறகுதான் அவர் அலறல் நின்றது. வாயாடி புகை போட்டு ஈக்களை அடக்கி, பெட்டியை மூடிவிட்டுத் தொட்டியருகே வந்தாள்.

"கேட்டிருந்தா நானே கொண்டாந்திருப்பேனே."

"சும்மா பாக்க வந்தேன்."

"கொசுவலையோடயா?"

மாமா தண்ணீரைப் பார்த்தார். "ரெண்டு பெட்டிய வரப்புலயே வச்சிடு. நான் ஒண்ணும் சொல்லல."

"பூ விரிஞ்சிருக்கறப்ப மருந்தடிக்கக் கூடாது."

"சரி."

"நடந்தத அக்காகிட்ட நீங்களே சொல்லணும்."

அதற்கு ஒரு 'சரி' வரத்தான் வெகுநேரம் ஆயிற்று.

பூசணி காய்த்துக் குலுங்கியது. அறுப்பு நேரத்து மழையில் பாதி அழுகியும் போயிற்று. வாயாடி தேன் வடித்துக்கொண்டிருந்தபோது மாமா வந்து நின்று, கொஞ்சம் இருமினார்.

"எனக்கும் ஒரு பெட்டி வேணும். வளக்கவும் பழக்கிக் குடு."

சிரிக்கக் கூடாது என்றுதான் வாயாடி நினைத்தாள். முடியவில்லை.