அண்ணன் வாசிக்காத வரி

1

அண்ணன் ஒரு வரியை வாசிக்காமல் தாண்டினான். அதிலிருந்து வந்ததுதான் இந்தக் கதை. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மே மாத வெயிலில் தாமிரபரணி இளைத்துப்போய்…' விட்டுவிட்டேன். ஆற்றைக் காட்டி ஆளை மறைக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அடுத்து: 'நான் பத்தாம் வகுப்போடு…' அதுவும் நின்றது. நான் என்று எழுதினால் பேனா மூன்று சொல்லுக்கு மேல் நகராது. அதனால் அவள் பெயர் முத்துராணி.

2

முத்துராணிக்கு இருபத்து மூன்று வயது. அம்பாசமுத்திரத்தில் அண்ணன் பெருமாள்ராஜ் வீட்டில் இருக்கிறாள். அம்மா உலகம்மாளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது இவள் பத்தாவது, அண்ணன் கல்லூரி. ஒருவர் படிப்பை நிறுத்த வேண்டியிருந்தது. யார் என்று பேச்சே நடக்கவில்லை. (பேச்சு நடந்ததாக ஒரு காட்சி எழுதினேன். அதில் எல்லோரும் அழுதார்கள். பொய். கிழித்துவிட்டேன்.)

அம்மா தூங்கும் மதியங்களில் முத்துராணி ஒரு வேலை செய்கிறாள். பக்கத்துத் தெருவில் டிராவல்ஸ் நடத்தும் ஜெபசீலன் அண்ணாச்சிக்காக, ரிசார்ட்டுகளைப் புகழ்ந்து இணையத்தில் போட விமர்சனம் எழுதித் தருகிறாள்.

"நான் எங்கயும் போனதில்லையே அண்ணாச்சி," என்றாள் முதல் நாள்.

"போயிருக்கணும்னு இல்ல தாயி. போய்ட்டு வந்தவன் எழுதுன மாதிரி இருக்கணும். அம்புட்டுதான்."

'குதூகல மலை' தீம் பார்க் ரிசார்ட்டுக்கு 'விஜயஸ்ரீ, இல்லத்தரசி' என்ற பெயரில் எழுதினாள். 'அக்வா நிலா'வுக்கு 'குமரகுருபரன், குடும்பத்துடன்'. நோட்டில் எழுதிப் பார்த்து, பிறகு போனில் அடித்தாள். நோட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. (நீர்ச்சறுக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பாபநாசம் படித்துறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததை வைத்துக்கொண்டு எழுதினாள்.)

3

ஞாயிறு மதியம். அண்ணன் மகள் சுகிர்தாவின் பள்ளி திறக்க இரண்டு வாரம் இருந்தது. எந்த ரிசார்ட்டுக்குப் போவது என்று அண்ணனும் மதினி மதுமதியும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"குதூகல மலைக்கே போவோம். விஜயஸ்ரீன்னு ஒருத்தி எழுதியிருக்கா, பிள்ளைங்க ராட்டினத்த விட்டு எறங்கவே இல்லையாம்," என்றாள் மதினி.

"பிள்ளைய ஏத்திவிட்டுட்டு நாம வெயில்ல நிக்கவா? இதக் கேளு. குமரகுருபரன்னு ஒருத்தரு. அக்வா நிலாவுக்குப் போயிருக்காரு. வெவரமா எழுதுதாரு."

"அவரும் ஒங்கள மாதிரி தூங்குமூஞ்சியா இருப்பாரு."

இரண்டு பக்கமும் நின்று வாதாடியது முத்துராணி. அவள் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் உரக்க வாசித்தான். "'அறை சுத்தம். சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரி. மர நிழலில் நாற்காலி போட்டிருக்கிறார்கள், பெரியவர்கள் படுத்தே கிடக்கலாம்.'"

அடுத்த வரி அவளுக்கு மனப்பாடம். 'வீட்டிலேயே கிடந்த என் தங்கையையும் கூட்டிப் போயிருந்தோம். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தோம்.' கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அண்ணனின் கட்டைவிரல் திரையில் நின்றது. பிறகு மேலே தள்ளியது.

"'கார் நிறுத்த இடம் தாராளம்.' அப்ப இதுதான். ரெண்டு பெரியவங்க, ஒரு பிள்ளைன்னு போட்டுருவோமா?"

மதினி ஒருமுறை இவள் பக்கம் திரும்பினாள். அவள் வாய் திறப்பதற்குள் முத்துராணி முந்திக்கொண்டாள். "நான் அம்மைய பாத்துக்கிடுதேன் மதினி. நீங்க போய்ட்டு வாங்க."

"ஒனக்கு என்னட்டி வாங்கிட்டு வர?" என்றான் அண்ணன்.

4

பெருமாள்ராஜ் எனக்குப் பிடிபடவில்லை. கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தங்கைக்குக் காய்ச்சல் என்றால் வேலையைப் போட்டுவிட்டு மாத்திரையோடு வருகிறவன். திரை தானாக நகர்ந்துவிட்டது என்று எழுதி, அதையும் அடித்தேன். விரல் நின்றதை அவள் பார்த்தாள். அந்த வரி கண்ணில் படாதவனுக்கு விரல் நிற்காது.

வேறு முடிவுகளும் இருந்தன. சுகிர்தா எட்டிப் பார்த்து, 'அப்பா, ஒரு வரிய விட்டுட்டீங்க' என்கிறாள், வீடே அமைதியாகிறது. நல்ல முடிவுதான். ஆனால் சுகிர்தா இங்கிலீஷ் மீடியம். அத்தை என்ற சொல்லுக்கே எழுத்துக் கூட்டுவாள்.

இன்னொன்றில் முத்துராணி எழுந்து நின்று, 'அத எழுதினது…'

5

போய்விட்டு வந்தார்கள். அவளுக்கு நீர்ச்சறுக்குப் படம் போட்ட சாவி வளையம் ஒன்று வந்தது. மாட்ட அவளிடம் சாவி இல்லை.

"தண்ணி ஒரே கலங்கல். பேருக்கு ஒரு மரம் இல்ல," என்றாள் மதினி. "அந்தக் குமரகுருபரன் அங்கன காலே வச்சிருக்க மாட்டான்."

உண்மை.

அண்ணன் போனை நீட்டினான். "நாமளாவது உள்ளத எழுதுவோம். எனக்குத் தமிழ்ல அடிக்க வராது, நீ அடி. குடும்பத்தோட போயிருந்தோம்னு ஆரம்பி. கை கழுவிட்டு வந்து மிச்சத்தச் சொல்லுதேன்."

அடித்தாள்.

குடும்பத்தோடு போயிருந்தோம்.

அதற்குப் பக்கத்தில் சின்னக் கோடு மின்னி மின்னி நிற்கிறது. அண்ணன் வந்ததும் உரக்க வாசித்துப் பார்ப்பான். மூன்று நாளாக நானும் இதே இடத்தில்தான் நிற்கிறேன். அடுத்த வரியை நீங்கள் அடியுங்கள். அதையும் அவன் தாண்டுகிறானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கஞ்சி ஆறுகிறது. அம்மா வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறாள். நான் போகிறேன்.