கொலுசு போட்ட கையெழுத்து

என் வீட்டுக்காரர் ஓவிய வாத்தியார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். 'மூடிய பள்ளியைத் திற' என்று எழுதிய அட்டையோடு அமைச்சர் அலுவலக வாசலில் பேசாமல் உட்கார்ந்தார், அதுதான் குற்றம். போலீஸ் கூட்டத்தோடு அள்ளிக்கொண்டு போய் எட்டு மாதம் ஆகிறது. சிறை வாசலில் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

நான் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். அவர் பெயர் எப்படியோ கடல் தாண்டிவிட்டது. முகம் தெரியாதவர்கள் சிறை முகவரிக்கு எழுதுகிறார்கள். தினமும் ஒரு கட்டு என் கையில்தான் வரும். நம் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்து, "உங்களை மறக்கவில்லை" என்று ஒருத்தி அனுப்பியிருந்தாள். கூடவே தன் பூனையின் படம். மறுநாளே எல்லாம் 'அப்படி ஒருவர் இல்லை' என்ற முத்திரையோடு திரும்பும், என் கடிதங்களும்தான். நான் விடுவேனா? அப்படியே மறுபடி சிறைப் பையில் போடுவேன்.

"ரூல்படி அனுப்பினவங்களுக்குத்தான் திருப்பணும்மா" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"அடிமேல அடிச்சா அம்மியும் நகரும் சார்."

அவர் காதில் விழாததுபோல் கண்ணாடியைத் துடைத்தார்.

போன வாரம் பூனைக்காரி பதிவுத் தபால் அனுப்பினாள், ஒப்புகை அட்டையோடு. பெயருக்குரியவரே அதில் கையெழுத்திட வேண்டும்; பிறகு அட்டை அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். சிறைக்குப் புதிதாக வந்த குமாஸ்தா, பாவம், சட்டத்தை நம்புகிறவர் போலிருக்கிறது. நேராகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவிட்டார்.

இன்று காலை அந்த அட்டை வந்தது. என் வீட்டுக்காரர் கையெழுத்து. கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. "கையெழுத்துக்குக் கொலுசு எதுக்குங்க?" என்று கல்யாணமான புதிதில் கேலி செய்வேன். நேற்றைய தேதி. உயிரோடு இருக்கிறார். தபால் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன்.

"நீயே வச்சுக்கோம்மா. தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக்கறேன்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

ஆசைதான். எட்டு மாதத்தில் அவரிடமிருந்து வந்த ஒரே துண்டு. தலையணைக்கு அடியில் இருந்தால் தூக்கமாவது வரும். படம் எடுக்கலாமென்றால், வேலைக்கு வரும்போதே செல்போனைத் தபால் நிலைய வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் வீட்டில் இருந்தால் நான் மட்டும்தானே பார்ப்பேன்? பூனைக்காரி கையில் இருந்தால், இல்லை என்பவர்கள் முகத்துக்கு நேரே நீட்டலாம்.

"வேணாம் சார். போகட்டும். அவர் இருக்கார்னு அங்க தெரியட்டும்."

இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டேன். வெளிநாட்டுப் பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு வைத்தேன். வண்டி வரும்வரை பைமேல் இருந்து கையை எடுக்கவில்லை.