நிறுத்தி வைத்தவள்

1

இந்தக் கதை ஒரு வசவில் பிறந்தது. விமானம் தாமதம் என்று அறிவித்ததும், இதற்குக் காரணமானவன் நாசமாய்ப் போக என்று முணுமுணுத்தேன். யார் அவன் என்று அப்புறம்தான் தோன்றியது. அவனுக்கு ஒரு முகம் கொடுக்க உட்கார்ந்தேன். எழுத எழுத அவன் அவளாகிவிட்டான்.

முதல் தொடக்கம்: 'காலை வெயிலில் ஓடுபாதை வெள்ளிப் பாளமாய்…'

(வேண்டாம். அவள் அறையில் ஜன்னலே கிடையாது.)

2

அவள் அறையில் இருப்பவை இரண்டு தொலைபேசிகள். ஒன்றில் ஹேங்கர்க்காரர்கள், விமானத்தை விடு, பழுது பார்க்க வேண்டும் என்பார்கள். இன்னொன்றில் ஆப்பரேஷன்ஸ்காரர்கள், விமானத்தைக் கொடு, பறக்க வேண்டும் என்பார்கள். எது பறக்கும், எது நிற்கும் என்று இருவருக்கும் பேசி முடிப்பவள் அவள். அதனால் இரண்டு தரப்புக்கும் அவள் எதிர்க்கட்சி. கேன்டீனில் அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு சட்டென்று மழை, வெயில் என்று மாறிவிடும். வீட்டிலும் அவளுக்கு ஒற்றைத் தட்டுதான்.

3

அன்று காலை அவளுடைய அண்ணன் விமான நிலையத்தில் இருந்தான். தொலைவிலிருந்த ஊர் ஆஸ்பத்திரியில் அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். என் வேலைக்கு மாற்றாள் கிடைத்ததும் வந்துவிடுகிறேன், நீ முன்னால் போ என்று அவள்தான் அவனை அனுப்பியிருந்தாள்.

அவன் போகவேண்டிய விமானத்தில், எஞ்சினைக் கிளப்பிய பிறகு, எண்ணெய் அழுத்தம் குறைகிறது என்று எச்சரிக்கும் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. ஹேங்கர் எஞ்சினியர் கூப்பிட்டார்.

"டெஸ்ட்ல ஒண்ணும் காட்டலம்மா. விதிப்படி அனுப்பலாம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"முழுசா பிரிச்சுப் பார்த்தா நல்லது. மதியம் ஆயிடும். உங்க இஷ்டம்."

மாற்று விமானம் எதுவும் கைவசம் இல்லை. அவள் நிறுத்தச் சொன்னாள்.

(அண்ணன் அதில் இல்லாவிட்டால் அனுப்பியிருப்பாளா? அவளிடமே கேட்டுப் பார்த்தேன். என் பாத்திரம், எனக்கே பதில் சொல்ல மறுத்துவிட்டாள்.)

அண்ணன் கூப்பிட்டான். "பாப்பா, என்னதான் ஆச்சு? உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லேன்."

"பாத்துட்டு இருக்காங்கண்ணா."

போனை வைத்துவிட்டாள்.

4

அம்மா மதியத்துக்குள் போய்விட்டாள்.

எஞ்சினில் ஒரு விரிசலை வைத்துவிட என் கை துறுதுறுத்தது. விரிசல் இருந்தால் அவள் எல்லோரையும் காப்பாற்றியவள். அண்ணனும் அழுது ஆறிவிடுவான், வாசகரும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடலாம். எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். பிரித்துப் பார்த்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சந்தேகத்துக்கு ஒரு ஒயரை மாற்றினார்கள். விமானம் தயார் என்றார்கள்.

மாற்றாளும் வந்துவிட்டான். அதே விமானத்தில் அண்ணனுக்குப் பக்கத்து இருக்கை அவளுக்குக் கிடைத்தது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை.

"சரியா கிளம்பியிருந்தா முகத்தையாவது பாத்திருப்பேன். உனக்குத் தெரிஞ்சிருக்குமே பாப்பா. எவன் நிறுத்தினான்?"

5

ஒரு முடிவு: "தெரியலண்ணா" என்கிறாள். சாகும்வரை அதைச் சுமந்துகொண்டு ஒற்றையாய்… (அவ்வளவு கல்நெஞ்சு எனக்கில்லை.)

இன்னொன்று: உண்மையைச் சொல்கிறாள். அண்ணன் அவளைத் தோளில் சாய்த்துக்கொள்கிறான். (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

அதனால் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

"நான்தாண்ணா."

விமானம் நகரத் தொடங்குகிறது. இனி அண்ணனின் இருக்கையில் இருப்பது நீங்கள். உங்கள் கைக்குள் இன்னும் அவள் கை இருக்கிறது. அவள் உங்களைப் பார்க்காமல் முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பேசுங்கள்.