கே-ஏழு எதற்காக ஓடுகிறது?

எங்கள் சர்வர் கூடத்தில் மாதாமாதம் மின்சார அறிக்கை தயாரிப்பவன் நான்தான். யோர்மா என்று பெயர். அந்த அறிக்கையை யாராவது படிக்கிறார்களா என்று கேட்காதீர்கள், அது என் பொறுப்பல்ல. அதில் ஒரு பொய்கூட இல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கர்வப்பட வேறு எதையும் தலைமை அலுவலகம் எனக்கு விட்டுவைக்கவில்லை.

முன்பெல்லாம் கூடம் முழுவதற்கும் ஒரே ஒரு எண் அனுப்பினால் போதும். போன இலையுதிர்காலத்தில் ஆம்ஸ்டர்டாம் தலைமை அலுவலகத்திலிருந்து புது உத்தரவு வந்தது. இனி ஒவ்வொரு சர்வரும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று தனித்தனியாகக் காட்ட வேண்டுமாம். வாரத்தில் பத்து சதவீத நேரம்கூட வேலை செய்யாத சர்வரை அணைத்துவிட வேண்டுமாம். உத்தரவில் கையெழுத்திட்டவள் அன்னலீஸ், மின்சாரச் சிக்கனத்துக்கென்றே நியமிக்கப்பட்டவள்.

சரி என்று எல்லா இணைப்புகளிலும் மீட்டர் மாட்டினோம். ஓர் இணைப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மென்பொருள் தானாகவே அதற்கு ஒரு பெயர் சூட்டிக்கொள்ளும். முதல் அறிக்கையைத் தட்டி எடுத்தேன். சோம்பேறிகள் பட்டியலின் உச்சியில் கே-ஏழு என்று ஒன்று நின்றது. வாரம் முழுக்கப் பூஜ்யம். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் மட்டும் ஒரு வரிசை சர்வர்களின் தீனியைத் தனியாகத் தின்றுவிட்டு, சாயங்காலம் மறுபடியும் பூஜ்யம்.

மீட்டர் கெட்டிருக்கும் என்று நினைத்து எலக்ட்ரீஷியன் தைஸ்தோவை இழுத்துக்கொண்டு போனேன். கே-ஏழு இருக்க வேண்டிய இடத்தில் சர்வரே இல்லை. தடித்த கேபிள் ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிற்று. தைஸ்தோ கேபிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான்.

"இன்னிக்கு என்ன கெழம?"

"புதன்."

"அப்ப நாளைக்குக் கீழ போய் உக்காந்து பாக்கலாம். துண்டு எடுத்துட்டு வா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கட்டடம் முன்பு காகித ஆலை. ஆலை மூடியபோது இயந்திரங்களெல்லாம் போயின. அடித்தளத்தில் தொழிலாளர்களுக்கான சௌனா, அதாவது சூட்டில் வியர்க்க உட்காரும் குளியலறை, மட்டும் மிஞ்சியது. மரப் பலகைகள், கல் அடுக்கிய மின் அடுப்பு, பின்கதவைத் திறந்தால் ஏரி. சர்வர் கூடம் கட்ட வந்தவர்கள் ஆலையின் பழைய மின் இணைப்பை வெட்டிவிட்டார்கள். தைஸ்தோ அடுப்பை மேலே இருந்த சர்வர் வரிசையின் மின் இணைப்பில் கோத்துவிட்டான். யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது.

சிரித்திருப்பேன். ஆனால் விதிப்படி இந்த அடுப்பையும் அணைக்க வேண்டுமே. எங்கள் மேலாளர் ரைமோவும் தைஸ்தோவும் ஒருவரோடொருவர் பேசுவது வாரத்தில் அந்த ஒருநாள்தான். இருவரின் கோடைக் குடிசைகளும் இதே ஏரிக்கரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. ரைமோ புதிதாகப் போட்ட படகுத்துறை தைஸ்தோவின் ஜன்னலுக்கு நேரே நீண்டுவிட்டது. சூரியன் இப்போதெல்லாம் ரைமோவின் படகுக்குள்தான் மறைகிறது என்பது தைஸ்தோவின் வழக்கு. மற்ற நாட்களில் இருவரும் முகம் பார்ப்பதில்லை. ஆனால் சௌனாவுக்குள் சண்டையைக் கொண்டுபோவது எங்களிடையே பெரிய அநாகரிகம். அதனால் வியாழக்கிழமைகளில் அந்த மேல்பலகையில் வியர்த்து வழிந்தபடி, எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த பம்பைப் பிரிக்கலாம் என்று இருவரும் பேசி முடிவெடுப்பார்கள். கூடம் ஓடியதே அந்தப் பேச்சினால்தான். அடுப்பை அணைத்தால் இந்த இரண்டு கிழங்களும் சாகும்வரை பேசிக்கொள்ளமாட்டார்கள். எனக்கும் இந்த ஊரில் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள அவர்கள் இருவர்தான் இருந்தார்கள். பயமாக இருந்தது.

அணைக்கும் முன் ஒவ்வொரு சர்வரைப் பற்றியும் ஒரு விவரப் படிவம் நிரப்ப வேண்டும். அதை எடுத்துக்கொண்டு ரைமோவிடம் போனேன்.

"நான் பொய் எழுதமாட்டேன்," என்றேன்.

"உன்ன யாருய்யா பொய் எழுதச் சொன்னா? நடக்கறத எழுது."

எழுதினேன். எதற்காக ஓடுகிறது: ஊழியர் ஒருங்கிணைப்பு. குளிர்விக்கும் முறை: ஏரி. மாற்று ஏற்பாடு: இல்லை. நின்றால் விளைவு: கடுமையானது.

"ரொம்பக் கடுமையானதுன்னு போடு," என்றான் ரைமோ. "தைஸ்தோ என்ன சொல்றான்?"

"நீயே கேளேன். ஒன் பின்னாடிதான நிக்கறான்."

"இன்னிக்குச் செவ்வாக்கெழம," என்றான் ரைமோ, திரும்பாமலே.

அடுத்த வாரம் அன்னலீஸ் திரையில் வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"யோர்மா, இந்தக் கே-ஏழு எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. மத்ததெல்லாம் சும்மா இருக்கறப்பவும் பாதி கரண்ட் குடிக்குது. இது ஒண்ணுதான் வேல இல்லன்னா பூஜ்யத்துல படுத்துக்குது. யார் இப்படி அமைச்சது?"

"எங்க எலக்ட்ரீஷியன் தைஸ்தோ."

"அவருக்கு என் பாராட்டச் சொல்லுங்க. ஆனா பத்து சதவீதத்துக்குக் கீழ இருக்கே, விதின்னா விதிதான். அணச்சிடுங்க."

"நின்னா வெளைவு ரொம்பக் கடுமைன்னு எழுதியிருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தாங்க எழுதறாங்க."

பாராட்டைச் சொன்னேன். தைஸ்தோ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, தன் கையாலேயே போய் அணைத்துவிட்டு வந்தான்.

அதன்பின் வந்த வியாழக்கிழமைகளில் ரைமோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொத்திறைச்சி தின்றான். தைஸ்தோ தன் வண்டிக்குள் உட்கார்ந்து தின்றான். நடுவில் நான் தூதுவன். "அந்த ஆள்கிட்ட சொல்லு, மூணாம் வரிசையில விளக்கு எரியலன்னு" என்பான் ஒருவன். "எரியாதது விளக்கு மட்டுந்தானான்னு கேளு" என்பான் இன்னொருவன். நான் பாதியை மென்று விழுங்கிவிட்டு மீதியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏரித் தண்ணீரை இழுத்துக் கூடத்தைக் குளிர வைப்பவை இரண்டு பம்புகள். ஒன்று ஓடும், மற்றது தயாராக நிற்கும். நவம்பரில் ஒருநாள், நிற்பதைத் தைஸ்தோ பிரித்துப் போட்டான். அதே நாளில் ஓடுவதை நிறுத்தி வடிகட்டியைக் கழுவ வெளியாட்களை வரச்சொல்லியிருந்தான் ரைமோ. அதை அறிவிப்புப் பலகையில் எழுதியும் வைத்திருந்தான். ரைமோவின் கையெழுத்து இருக்கும் பலகையைப் பார்ப்பதில்லை என்று தைஸ்தோ விரதம். தூதுவனான நானோ பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கூடம் சௌனாச் சூட்டுக்கு ஏறிற்று. சர்வர்கள் பாதிக்கு மேல் தம்மைத் தாமே அணைத்துக்கொண்டன. மின்சாரம் அவ்வளவு மிச்சமான நாள் எங்கள் அறிக்கைகளில் வேறு கிடையாது.

விபத்துக்கான காரணத்தையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. யோசித்தேன், மனசாட்சியைத் தொட்டு எழுதினேன்: கே-ஏழு அணைக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு அன்னலீஸ் விமானம் ஏறி வந்துவிட்டாள். வந்து இறங்கிய நாள் வியாழக்கிழமை. மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த மெஷின நான் இப்பவே பாக்கணும். ஓட விட்டுப் பாக்கணும்."

"காலைலயே போட்டுட்டேன். சூடேற நேரமாகும்," என்றான் தைஸ்தோ.

கீழே கூட்டிப்போனோம். அவள் கதவைத் திறந்தாள், முகத்தில் வெக்கை அடித்தது. கற்களைப் பார்த்தாள், பலகைகளைப் பார்த்தாள், துண்டு மாட்டும் கொக்கிகளைப் பார்த்தாள். எங்கள் மூவரின் வேலையும் அந்த வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது.

"இதுவா?"

"இதுதான்," என்றேன்.

"இதுல என்னதான் ஓடுது?"

"உள்ள போய்ப் பாருங்க," என்றான் ரைமோ. "பொம்பளைங்க முறை மொதல்ல. நாங்க அப்புறம்." தைஸ்தோ ஒரு துண்டை நீட்டினான். அவள் அவனை முறைத்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் மூவரும் பின்கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தோம். வேறு இடமில்லாததால் அவர்கள் இருவரும் தோளோடு தோள் உரச உட்கார வேண்டியதாயிற்று.

"ரெண்டாவது பம்பப் பத்தி நான் கேட்டிருக்கணும்," என்றான் ரைமோ, ஏரியைப் பார்த்து.

"பலகைய நான் பாத்திருக்கணும்," என்றான் தைஸ்தோ. அவனும் ஏரியிடம்தான் சொன்னான்.

"அந்தப் படகுத்துற?" என்று நான் வாயை விட்டேன்.

"அத வசந்தத்துல பாக்கலாம். ரெண்டு பலகையக் கழட்டுனா கொறஞ்சா போயிடும்," என்றான் ரைமோ. தைஸ்தோ "ம்" என்றான். அவன் அகராதியில் அது நீண்ட சொற்பொழிவு.

அன்னலீஸ் பீட்ரூட் நிறத்தில் வெளியே வந்து, உடம்பிலிருந்து ஆவி பறக்கப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபம் எங்கே போயிற்றோ.

"ஒண்ணு சொல்லிடறேன். நான் அறிக்கையில பொய் எழுதமாட்டேன்."

"உங்கள யாருங்க எழுதச் சொன்னா? நடக்கறத எழுதுங்க," என்றான் ரைமோ.

அவளுடைய ஆய்வுக் குறிப்பு அடுத்த திங்கட்கிழமை வந்தது. கே-ஏழை நேரில் சோதித்தேன், முழுச் சுமையில் கோளாறின்றி இயங்குகிறது, நின்றால் விளைவு மிகக் கடுமையானது என்று எழுதியிருந்தாள். கடைசி வரி இது: "பயன்பாடு இன்னும் பத்து சதவீதத்துக்குக் கீழேயே இருப்பதால், விதிக்கு உட்படும் பொருட்டு, வாரத்தில் கூடுதலாக இரண்டு நாட்கள் இயக்கவும்."

மின்சாரச் சிக்கன நடவடிக்கையால் எங்கள் செலவு கூடிய முதல் மாதம் அது. அதையும் அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

அறிக்கையை முடித்த மறுநாள் செவ்வாய்க்கிழமை, புதிதாகச் சேர்ந்த சௌனா நாள். நான் ரைமோவின் மேசையருகே கையெழுத்துக்காக நின்றிருந்தேன். தைஸ்தோ ஏதோ கம்பியைத் தேடிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் வந்தான். ரைமோ நாற்காலியோடு திரும்பினான்.

"துண்டு எடுத்துட்டு வந்தியா?" என்று நேராக அவனிடமே கேட்டான்.